எல்எஸ்யூவின் 2019 சீசன்: ஓடியே பழகிய அணி எறியக் கற்றுக்கொண்ட வருடம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஓர் அணி, ஒரே ஒரு சீசன். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், எல்லோரும் சொல்கிற மாதிரி சொன்னால் எல்எஸ்யூ. 2019ஆம் வருடம் 15 ஆட்டம் ஆடினார்கள். 15லும் ஜெயித்தார்கள். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் இதைவிடச் சிறந்த ஒரு சீசனை நான் பார்த்ததில்லை. எல்லா ஆட்டத்தையும் ஜெயித்த அணிகள் வேறு உண்டு. ஆனால் இவர்கள் அதுவரை ஆடிவந்த ஆட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆட்டம் ஆடி ஜெயித்தார்கள். நான் இந்த வீடியோ போடுவதே அதைச் சொல்லத்தான்.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன், 6 புள்ளி. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடலாம், இல்லை முன்னால் இருக்கிறவருக்கு எறியலாம். எறிகிறவர்தான் குவார்ட்டர்பேக். இவ்வளவு போதும்.

எல்எஸ்யூ ரொம்பக் காலமாக ஓடுகிற அணி. பந்தைக் கொடு, முட்டி மோதி நாலு யார்டு எடு, மறுபடி கொடு. எதிரணியை நகரவிடாமல் அமுக்குகிற முரட்டு டிஃபென்ஸ். 2011 நவம்பரில் அலபாமாவை இப்படித்தான் ஜெயித்தார்கள், 9-6. அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூடக் கிடையாது, எல்லாம் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுத்த புள்ளிகள். இரண்டு மாதம் கழித்து, 2012 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் மைதானத்தில் தேசிய இறுதி ஆட்டம். எதிரே மறுபடி அதே அலபாமா. 21-0 என்று தோற்றார்கள். மைதானத்தின் பாதியை ஒரே ஒரு தடவைதான் தாண்டினார்கள். சொந்த மாநிலத்தில், சொந்த ஜனங்கள் முன்னால்.

அதையும் சேர்த்து அலபாமாவிடம் தொடர்ந்து எட்டுத் தோல்வி. 2016இல் சொந்த மைதானத்தில் 10-0. 2018இல் அதே இடத்தில் 29-0. ஆள் இல்லாத குறை இல்லை, அந்த மாநிலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். எறிகிற ஆட்டத்தைத்தான் அவர்கள் நம்பவே இல்லை.

அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. பேட்டன் ரூஜ் நகரம், டைகர் ஸ்டேடியம், 1,02,000க்கு மேல் இருக்கை. ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே மைக் என்று பெயர் வைத்து ஓர் உயிருள்ள புலியைப் பெரிய அடைப்பில் வளர்க்கிறார்கள். சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் காலையிலிருந்தே மரத்தடிகளில் அடுப்பு மூட்டி ஜம்பலாயா என்கிற சோறு கிண்ட ஆரம்பித்துவிடுவார்கள். 1988இல் ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒரு டச்டவுன் விழுந்தபோது கூட்டம் போட்ட ஆட்டத்தில் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. இப்படிப்பட்ட ஜனங்கள்தான் எட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சரி, இப்போது மூன்று பேர்.

முதலில் கோச் எட் ஓர்ஜரான். லூசியானாவின் தென்கோடியில், இறால் படகுகள் நிற்கிற பகுதியில் லரோஸ் என்கிற சிற்றூர்க்காரர். பள்ளி முடித்ததும் எல்எஸ்யூவில் ஆட இடம் கிடைத்தது. ஊர் ஞாபகம் தாங்காமல் சில வாரத்திலேயே வீடு திரும்பிவிட்டார். அப்பா அவரை மண்வெட்டி கொடுத்துப் பள்ளம் வெட்டுகிற வேலைக்கு அனுப்பினார். அப்புறம் வேறு கல்லூரியில் போய் ஆடினார். கோச் ஆன பிறகு ஓல் மிஸ் அணியில் மூன்று சீசன், 10 வெற்றி, 25 தோல்வி, வேலை போனது. 2013இல் யுஎஸ்சி என்கிற தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடைக்கால கோச்சாக 8 ஆட்டத்தில் 6 ஜெயித்துக் கொடுத்தும் நிரந்தர வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். 2016இல் எல்எஸ்யூவிலும் இடைக்காலமாகத்தான் ஆரம்பித்தார்.

இரண்டாவது ஜோ பர்ரோ. ஒஹையோ மாநிலத்தில் ஏதென்ஸ் பகுதிப் பையன். ஒஹையோ ஸ்டேட்டில் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தார். படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு 2018இல் எல்எஸ்யூவுக்கு வந்தார். முதல் சீசனில் 16 டச்டவுன் பாஸ். சுமார்தான். அவருடைய அப்பாவும் கோச். மகன் ஆடப்போகிற கடைசிக் கல்லூரி வருடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று 2019 ஆரம்பத்தில் அவர் ஓய்வு பெற்றுக்கொண்டார். சுமாராக ஒரு சீசன் ஆடிய மகனுக்காக எடுத்த முடிவு அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

மூன்றாவது ஜோ பிரேடி. வயது 29. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்கிற தொழில்முறை அணியில் சின்ன உதவியாளர் வேலை. ஓர்ஜரான் அவரைக் கூப்பிட்டு, பாஸ் ஆட்டத்தைத் திட்டமிடுகிற பொறுப்பைக் கொடுத்தார். அறுபது வயதான ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அங்கே தாக்குதல் ஆட்டத்தின் தலைமைப் பொறுப்பில் ஏற்கெனவே இருந்தார், அவரே எல்எஸ்யூவின் பழைய குவார்ட்டர்பேக். மகன் வயதில் ஒருவன் வந்து புது ஆட்டம் சொல்லித் தருகிறான் என்றால் எத்தனை பேர் இடம் கொடுப்பார்கள்? என்ஸ்மிங்கர் கொடுத்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். இந்த சீசன் பற்றிப் பேசுகிறவர்கள் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அடித்தளம்.

என்ன மாற்றினார்கள் என்றால், ஐந்து பேரை மைதானத்தின் அகலத்துக்கும் பரப்பி நிறுத்தினார்கள். குவார்ட்டர்பேக் பின்னால் தனியாக நிற்பார். எதிரணி எல்லோரையும் காக்க முடியாது, எங்காவது ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டையைச் சட்டென்று கண்டுபிடிக்கிற கண் பர்ரோவுக்கு இருந்தது. ஓரங்களில் ஜமார் சேஸ், டெரஸ் மார்ஷல், நடுவில் ஜஸ்டின் ஜெஃபர்சன் என்று நிற்பதைப் பார்த்தாலே எதிரணி கோச்சுக்குத் தூக்கம் போய்விடும்.

இரண்டாவது ஆட்டம், செப்டம்பர் 7, ஆஸ்டினில் டெக்சஸ் அணி. இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம், திரையைப் பாருங்கள். எல்எஸ்யூ 37-31 என்று முன்னால். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது. மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 17 யார்டு வேண்டும். பழைய எல்எஸ்யூ என்றால் பந்தைக் கொடுத்து ஓடவிட்டு, நேரத்தைக் கரைத்துவிட்டு, உதைத்து அனுப்பியிருக்கும். டெக்சஸ் ஆட்களை மேலே பாயவிடுகிறது, பாருங்கள். பர்ரோ பின்வாங்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து, பக்கவாட்டில் நழுவி, ஆள் மேலே விழுவதற்குள் நடுவில் எறிகிறார். ஜெஃபர்சன் பிடிக்கிறார், திரும்புகிறார், முன்னால் ஆளே இல்லை. 61 யார்டு டச்டவுன். 45-38 என்று ஆட்டம் முடிந்தது. இந்த அணி மாறிவிட்டது என்று நான் நம்பியது இந்த ஒரு பந்தில்தான். கணக்குப் போட்டு ஒதுங்க வேண்டிய இடத்தில் எறிந்தார்கள்.

நடுவில் இருக்கிற ஆட்டங்களை வேகமாகத் தாண்டுகிறேன். வாண்டர்பில்ட் மேல் 66, ஃப்ளோரிடா மேல் 42. ஆபர்ன் ஒன்றுதான் கழுத்தைப் பிடித்தது, 23-20. டிஃபென்ஸ் அந்த வருடம் எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வாண்டர்பில்டுக்கு 38 புள்ளி, ஓல் மிஸ்ஸுக்கு 37 புள்ளி கொடுத்தார்கள். நல்ல வேளை, கடைசி மாதத்தில் இறுக்கிவிட்டார்கள்.

அப்புறம் நவம்பர் 9, டஸ்கலூசா. அலபாமா, அவர்கள் மைதானத்தில். அமெரிக்க ஜனாதிபதியே பார்க்க வந்திருந்தார். முதல் பாதி முடியும்போது 33-13, எல்எஸ்யூ முன்னால். எட்டு வருடக் கடனை ஒரே மணி நேரத்தில் கட்டுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அலபாமா சும்மா விடுமா? கடைசிக் கால்பகுதியில் 33-27. மூச்சு நின்றுவிடும். இங்கேதான் கிளைடு எட்வர்ட்ஸ்-ஹெலேர் வருகிறார். பேட்டன் ரூஜ் பையன், குள்ளம். மூன்று பேர் பிடித்துத் தொங்க, கோட்டைத் தொட்டே தீருவேன் என்று இழுத்துக்கொண்டு வருகிற கபடி ரைடர் மாதிரிதான் அவர் ஆட்டம். முதல் மோதலில் விழ மாட்டார். தோளைத் தாழ்த்திச் சுழன்று, கால் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு நான்கு டச்டவுன், அதில் இரண்டு கடைசிக் கால்பகுதியில், அலபாமா நெருங்கி வந்த ஒவ்வொரு தடவையும். 46-41. பர்ரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஓர்ஜரான் அழுதார்.

இங்கே ஒன்று கவனியுங்கள். எறியக் கற்றுக்கொண்ட அணி, ஓடுவதை மறக்கவில்லை. நெருக்கடியில் அவர்களைக் காப்பாற்றியது பழைய ஓட்டம்தான். ஆனால் எதிரணி ஐந்து பக்கம் பிரிந்து நின்றதால்தான் அந்த ஓட்டத்துக்கு இடம் கிடைத்தது.

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் டெக்சஸ் ஏ அண்ட் எம். முந்தின வருடம் ஏழு கூடுதல் சுற்று ஆடி 74-72 என்று எல்எஸ்யூவைத் தோற்கடித்த அணி. இந்தத் தடவை 50-7. அன்றைக்குப் பர்ரோ தன் பெயரை லூசியானாக்காரர்கள் எழுதுகிற மாதிரி Burreaux என்று முதுகில் எழுதின சட்டையோடு மைதானத்துக்குள் வந்தார். ஸ்டேடியமே எழுந்து நின்றது. ஒரு வாரம் கழித்து அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 37-10.

டிசம்பரில் பர்ரோவுக்கு ஹைஸ்மன் விருது, கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுப்பது. மேடையில் அவர் தன் ஊர்ப் பக்கத்து வறுமையைப் பற்றிப் பேசினார், வீட்டில் சாப்பாடு இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டு முகம் தெரியாதவர்கள் அனுப்பிய பணம் அந்தப் பகுதி உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கோப்பை அலமாரியில் இருக்கும், இது தட்டில் விழுந்த சோறு.

டிசம்பர் 28, அரையிறுதி, ஓக்லஹோமா. அன்று காலை லூசியானாவில் ஒரு சின்ன விமானம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிய என்ஸ்மிங்கரின் மருமகளும் அதில் ஒருவர். செய்தி தெரிந்த பிறகும் என்ஸ்மிங்கர் தன் இடத்தில் போய் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன் பாஸ் எறிந்தார், அதில் நான்கு ஜெஃபர்சனுக்கு. 63-28. அந்த மனிதர் அன்று எப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இதற்கு மேல் பேசத் தோன்றவில்லை.

2020 ஜனவரி 13. இறுதி ஆட்டம். இடம் அதே சூப்பர்டோம். எதிரே கிளெம்சன், தொடர்ந்து 29 ஆட்டம் தோற்காத அணி. ஆரம்பம் சரியில்லை. இரண்டாவது கால்பகுதியில் 17-7 என்று பின்னால். அந்த சீசனில் அவ்வளவு பின்தங்கியது அதுவரை இல்லை. அப்புறம் இடைவேளைக்குள் மூன்று டச்டவுன் வரிசையாக. மூன்றாவதை எறியும்போது பர்ரோவுக்கு விலாவில் பலத்த அடி. இரண்டாம் பாதியை வலியோடுதான் ஆடினார். சேஸ் அந்தப் பகுதிப் பையன், மைதானத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் அவர் படித்த பள்ளி. அன்றைக்கு 221 யார்டு, இரண்டு டச்டவுன். 42-25.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012இல் இதே மைதானத்தில் 21-0 என்று தோற்ற எல்எஸ்யூவின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் ஜெஃபர்சன். நம் ஜஸ்டினின் அண்ணன். தம்பிக்கு அப்போது 12 வயது. எட்டு வருடம் கழித்து அதே கூரையின் கீழ் தம்பி கோப்பையோடு நின்றார்.

பர்ரோ அந்த சீசனில் எறிந்த டச்டவுன் பாஸ் 60. முந்தின வருடம் 16. அணி மொத்தம் 726 புள்ளி. ஆடின நாளில் தேசியத் தரவரிசையில் முதல் பத்து இடத்துக்குள் இருந்த ஏழு அணிகளை ஜெயித்தார்கள். ஆள் அதே ஆள், பாதிப் பேர் அதே பையன்கள். மாறியது ஆட்டம்.

கல்லூரி அணியில் இருக்கிற வலியும் இதுதான். ஜெயித்த கையோடு கலைந்துவிடும். அந்த வசந்தத்தில் 14 பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டன, முதல் ஆளாகப் பர்ரோவை சின்சினாட்டி எடுத்தது. பிரேடி கரோலைனா என்கிற தொழில்முறை அணிக்குப் போனார். டிஃபென்ஸைக் கவனித்த டேவ் அராண்டா பெய்லர் அணிக்குத் தலைமை கோச்சாகப் போனார். அடுத்த சீசன் 5 வெற்றி, 5 தோல்வி. 2021 முடிவில் ஓர்ஜரானும் வெளியே. ‘ஒரு வருட அதிர்ஷ்டம்’ என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பர்ரோவும் சேஸும் மறுபடி சின்சினாட்டியில் ஒன்றுசேர்ந்த முதல் வருடத்திலேயே அந்த அணியைத் தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார்கள். ஜெஃபர்சன் மினசோட்டா தொழில்முறை அணியில் பெரிய நட்சத்திரம் ஆனார். அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு ஆயுள் கிடையாது.

முழு ஆட்டம் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அலபாமா ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டுக்கு நேரம் இருந்தால் முதலில் 2012 இறுதி ஆட்டத்தின் முதல் பாதி, அப்புறம் 2020 இறுதி ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதி. எல்எஸ்யூ எத்தனை பேரைப் பரப்பி நிறுத்துகிறது என்பதை மட்டும் இரண்டிலும் கவனியுங்கள். அடுத்த வீடியோவில் 2011இன் அந்த 9-6 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.