ஜெய்சல்மேர்: குடும்பத்தோடு இரண்டு இரவு, மூன்று பகல்

[காட்சி: அரையிருட்டில் கோட்டை மதில். திரையின் மூலையில் கடிகாரம்: 7.10]

டிசம்பர் மாதம், காலை மணி ஏழு பத்து. ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சல்மேரில் இன்னும் சூரியன் வரவில்லை. வர ஏழரை ஆகும். இந்தியா முழுவதற்கும் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கணக்கில் வைத்து ஓடுகிறது. இந்த ஊர் இருப்பதோ கிட்டத்தட்ட 71 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று போட்டால், சூரியன் இங்கே முக்கால் மணி நேரம் தாமதம். சென்னைப் பழக்கத்தில் ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பினால், இருட்டில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் இடங்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, முதலில் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு சுற்று. மூன்றிலிருந்து இருட்டும்வரை இன்னொரு சுற்று. நடுவே சாப்பாடும் தூக்கமும். அந்த மதியத்தையும் நிரப்பப் பார்ப்பவர்களின் பயணம்தான் இரண்டாம் நாள் சாயங்காலம் அழுகையில் முடிகிறது.

[காட்சி: ராஜஸ்தான் வரைபடம். ஜோத்பூரிலிருந்து மேற்கே ஒரு கோடு]

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குழந்தைகளோடு வேண்டவே வேண்டாம். விமானங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஜோத்பூர் வந்து, அங்கிருந்து ரயிலிலோ காரிலோ ஐந்தாறு மணி நேரம்.

[காட்சி: கோட்டைக்குள் குறுகிய சந்து. மாடியில் துணி காய்கிறது]

எங்கே தங்குவது? 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, கடைகள் நடக்கின்றன. உள்ளேயே தங்கும் விடுதிகளும் உண்டு, ஜன்னல் காட்சியும் அழகுதான். ஆனாலும் வெளியே, கோட்டை அடிவாரத்தில் அறை எடுங்கள் என்றே சொல்வோம். மழை அரிதான ஊருக்காகக் கட்டிய கோட்டை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு, குளியலறைகளிலிருந்து கசியும் நீர் குன்றின் களிமண் அடுக்கில் இறங்கி, மதில்களையே சரித்திருக்கிறது. உங்கள் பக்கத்துக் காரணமும் ஒன்று உண்டு: வழவழப்பான கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியும் பாட்டியுமாக ஏறி இறங்குவது லேசான வேலை இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. நம்ப முடியாத மலிவு வாடகைக்கு அறை கிடைக்கிறது என்றால், ஒட்டகச் சவாரியையும் தங்களிடமே வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். வேண்டாம் என்றால் முகம் மாறும். பதிவு செய்யும்போதே "அறை மட்டும்" என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

[காட்சி: முதல் நாள். கடிசர் ஏரி, மிதி படகு]

முதல் நாள் சாயங்காலம் கடிசர் ஏரி போதும். குழாய் வருவதற்கு முன் ஊருக்கே தண்ணீர் தந்த மழைநீர்த் தேக்கம். ரொட்டித் துண்டைப் போட்டால் கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சின்னப் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

இரண்டாம் நாள் காலை கோட்டை. நான்கு வாயில்களைக் கடந்து ஏற வேண்டும். தள்ளுவண்டி உதவாது, கைக்குழந்தையை முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் அடி செருப்பு வழுக்காது. உள்ளே ஏழு சமணக் கோயில்கள். வெளியாட்கள் பார்க்க முற்பகல்தான் நேரம் என்பதால் முதலில் அங்கே போய்விடுங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் அனுமதி இல்லை. அன்றைக்குத் துணிப் பை எடுத்துப் போனால் வாசலில் தகராறு இல்லை. இறங்கும் வழியில் பட்வோன் கி ஹவேலி, பழைய வணிகக் குடும்பத்தின் மாளிகைகள். ஐந்து வீடுகளின் வரிசையில் ஒன்றுக்குள் போனால் போதும். கல்லில் செதுக்கிய சாளரங்களைத் தெருவில் நின்று பார்ப்பதே பாதி அனுபவம்.

[காட்சி: ஒட்டகம் எழுகிறது. ஸ்லோ மோஷன்]

மூன்று மணிக்கு சாம் மணல்மேடுகளுக்குக் கிளம்புங்கள். மேற்கே 40 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். டிசம்பரில் ஆறு மணியளவில் சூரியன் மறையும். நாலரைக்குக் கிளம்பினால் வழியிலேயே பொழுது போய்விடும்.

இப்போது இந்த ஒட்டகத்தைக் கவனியுங்கள். எழும்போது பின்னங்கால்தான் முதலில் நிமிர்கிறது. மேலே இருப்பவர் முன்பக்கம் சாய்வார். பிறகுதான் முன்னங்கால் வரும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், அப்போதும் முதல் குலுக்கல் முன்பக்கம்தான். இரண்டு முறையும் உடம்பைப் பின்னால் சாய்த்து, சேணத்தின் பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நொடிகளில்தான் விழுகிறார்கள், ஒரு கையில் போனோடு. சின்னக் குழந்தை பெரியவருக்கு முன்னால் உட்காரட்டும். இடுப்பு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஒட்டகத்தையும் விடலாம், மேட்டில் ஏற்றி இறக்கும் ஜீப்பையும் விடலாம்.

கூடாரத்தில் இரவு தங்குவதா? முன்பணம் கட்டுமுன் நான்கு கேள்வி: ஜீப் கட்டணம் சேர்ந்ததா, கழிப்பறை கூடாரத்தோடு இணைந்ததா, ஆளுக்கு எத்தனை கம்பளி, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும். நாட்டுப்புற ஆட்டம் முடிந்ததும் சினிமாப் பாட்டு அதிர ஆரம்பிக்கும் முகாம்கள் பல. தூக்கம் முக்கியம் என்றால் தென்மேற்கே குரி கிராமத்துப் பக்கம் அமைதி அதிகம். இரவே நகரத்துக்குத் திரும்பினாலும் நஷ்டம் இல்லை.

[காட்சி: விரித்த போர்வையில் சாமான்கள்]

காற்றில் ஈரம் இல்லாததால் இருட்டியதும் மணல் மளமளவென்று குளிரும். பகலில் அரைக்கை போதும். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. பெரியவருக்கு நாளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கணக்கு. வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. உதட்டுக்கு வாசலின், மூக்கு உலர்ந்து ரத்தம் கசியும் பிள்ளைகளுக்கு உப்புநீர்ச் சொட்டு, போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. சார்ஜ் போடும் ஓட்டையில் மணல் புகுந்தால் ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள்.

[காட்சி: மூன்றாம் நாள். குல்தாரா, கூரையில்லாத வீடுகள்]

மூன்றாம் நாள் காலை குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் விட்டுச் சென்ற கிராமம், நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள். சாமில் தங்கியவர்கள் திரும்பும் வழியிலேயே பார்க்கலாம். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரோடு தொடர்புள்ள எல்லைப்பக்க இடங்களான லோங்கேவாலா, தனோட் கோயில்? ஒரு வழிக்கே சுமார் 120 கிலோமீட்டர். மூன்று நாளில் அதைச் செருகாதீர்கள். அந்தப் போரைப் பற்றி அறிய, ஜோத்பூர் சாலையில் உள்ள போர் அருங்காட்சியகம் இருக்கிறது.

திரும்பும் ரயிலில் ஏசி பெட்டி கிடைத்தால் நல்லது. ஸ்லீப்பர் என்றால், ஏறியதும் கண்ணாடி ஜன்னலை இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகி மூடுங்கள். பாலைவனம் ஜோத்பூர் வரை கூடவே வரும்.