கடைசிச் சுருளில் துப்பாக்கி யார் கையில்?

புதுவை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பண்ருட்டியை அடுத்த ஓர் ஊரின் டூரிங் டாக்கீஸில் என் தந்தையார் ஆபரேட்டராக இருந்தார். அதனால் பள்ளிப் பருவத்தில் நான் பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் பெரிய நட்சத்திரங்களின் படங்களைக் காட்டிலும், குறைந்த முதலீட்டில் எடுக்கப்பட்ட சண்டைப் படங்களே, அதிலும் தொப்பியும் பூட்ஸும் அணிந்த ஒரு பெண் குதிரையில் வந்திறங்கித் துப்பாக்கியை நீட்டும் படங்களே, என் மனத்தில் ஆழப் பதிந்தன. இன்று அந்தப் பெண்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கொட்டகையில் படம் பார்த்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அங்கே ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். ஒரு சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த சுருளை மாட்ட வேண்டும்; ஆகவே ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள் வரும். தரை டிக்கெட்டில் பெண்கள் பக்கத்தில், மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு, என் அத்தையும் அவரோடு வேலை செய்யும் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கைகளை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. திரையில் அந்தக் கதாநாயகி துப்பாக்கியை உறையிலிருந்து உருவும்போது, அவர்கள் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, உடையைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார்கள். "பிடி சரியா இருக்குது பாரு" என்று ஒருவர் சொல்வார். கையால் பிழைப்பவர்களின் பார்வை அது.

ஒரு நாள், தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்ட ஒரு படம் ஓடியது. தன் குடும்பத்தைக் கொன்ற நான்கு பேரில் மூன்று பேரை அந்தப் பெண் சுட்டுவிட்டாள். நான்காமவன் முன்னால் போய் நிற்கிறாள். அந்த இடத்தில் சுருள் முடிந்து விளக்கு எரிந்தது. என் அத்தை எழுந்து நேராக ஆபரேட்டர் அறையின் வாசலுக்கு வந்துவிட்டார். "தம்பி, கடைசி ரீலுல துப்பாக்கி அவ கையிலயே இருக்குமா, இல்ல எவனாவது வாங்கிக்குவானா?" என்று கேட்டார். என் தந்தையார் தொழில் நேர்மை உள்ளவர். "பார்த்துத் தெரிஞ்சுக்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சுருளை மாட்டுவதில் முனைந்தார். கடைசிச் சுருளில் கதாநாயகன் வந்தான். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று சொல்லி, அவள் கையிலிருந்த துப்பாக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டான். நான்காமவனை அவனே அடித்து வீழ்த்தினான். அடுத்த காட்சியில் மாலையும் கழுத்துமாக இருவரும் நின்றார்கள். படம் விட்டதும் அத்தை புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்தார். ஊர் எல்லை வரை வந்த பிறகுதான் சொன்னார்: "மூணு பேரைச் சுட்டவளுக்கு நாலாவது ஆளைச் சுடத் தெரியாமலா போச்சு?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அன்று முதல், இத்தகைய எந்தப் படத்தைப் பார்த்தாலும், கடைசிச் சுருளில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

இந்தப் பெண்களின் வரிசை நம் நாட்டில் மிகவும் பழையது. 1935ஆம் ஆண்டு பம்பாயில் வாடியா சகோதரர்களின் 'ஹண்டர்வாலி' வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா அதில் சாட்டையைச் சுழற்றினார். ஒரு பெண் ஆண்களை அடிக்கும் படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். ஆனால் மக்கள் கொட்டகைகளை நிரப்பினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1937இல், தமிழில் 'மின்னல்கொடி' வந்தது, கே. டி. ருக்மிணி அதன் சாகச நாயகி. பிறகு 1970இல் தெலுங்கில் கே. எஸ். ஆர். தாஸ் இயக்கிய 'ரௌடி ராணி'யில் விஜயலலிதா பழிவாங்கும் பெண்ணாக நடித்தார். அதுவரை பல படங்களில் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகும் நடிகையாகவே அவரை நாம் அறிந்திருந்தோம். பெரிய படங்கள் அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தன; சிறிய படமோ கதை முழுவதையும் கொடுத்தது. இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்.

ஏன் சிறிய படம் கொடுத்தது? முன்னணிக் கதாநாயகனுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் கொடுத்தது. கைகலப்புச் சண்டையைப் படமாக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், ஒத்திகை வேண்டும், பல நாள் வேண்டும். துப்பாக்கிச் சண்டைக்கு அவ்வளவு தேவையில்லை. அவள் முகம் ஒரு ஷாட், நீட்டிய கை ஒரு ஷாட், எதிரி விழுவது ஒரு ஷாட். 'டுமீல்' என்ற ஓசையைப் பின்னால் ஒலிப்பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சிக்கனத்தின் வழியாகவே ஒரு பெண் படத்தின் நடுவில் வந்து நின்றாள்.

அவளுக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. கதாநாயகன் துப்பாக்கி எடுக்கக் காரணம் கேட்கப்படுவதில்லை. பெண் எடுக்க வேண்டுமென்றால், முதல் சுருளிலேயே அவளுடைய தந்தையோ, கணவனோ, தங்கையோ சாக வேண்டும். காக்கி உடை வந்த பிறகுதான் இந்த நிபந்தனை சற்றுத் தளர்ந்தது. 1990இல் தெலுங்கில் வெளிவந்த 'கர்தவ்யம்', 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்ற பெயரில் தமிழ் பேசி நம் ஊர்களில் நன்றாக ஓடியது. விஜயலலிதாவின் நெருங்கிய உறவினரான விஜயசாந்தி அதில் போலீஸ் அதிகாரியாக நடித்துத் தேசிய விருது பெற்றார். துப்பாக்கி அங்கே அவளுடைய உத்தியோகத்தின் ஒரு பகுதி. அழுதுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிரண் பேடி அவர்கள், 2016 முதல் 2021 வரை இதே புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்ததை நேயர்கள் அறிவார்கள்.

கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மீண்டும் அங்கேயே வருகிறேன். தூரத்தில் குதிரை பாயும்போது, கதாநாயகியின் உடையும் பொய்முடியும் அணிந்து ஓர் ஆண்தான் நெடுங்காலம் டூப் போட்டுவந்தார். என் அத்தை அதையும் கண்டுபிடித்துவிடுவார்; "இது அவ கை இல்ல" என்பார். இந்த நிலையை மாற்றியவர்களில் ரேஷ்மா பட்டான் முக்கியமானவர். 1975இல் வந்த 'ஷோலே'யில் ஹேமமாலினிக்காகக் குதிரை வண்டியை ஓட்டிய அவர், இந்திப் படவுலகின் முதல் ஸ்டண்ட் பெண்மணி என்று போற்றப்படுகிறார். இந்தத் துறையில் கை கால் முறிந்த பெண்களைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம்.

எனக்கு அளிக்கப்பட்ட நேரம் முடியப் போகிறது. வெளிநாட்டுப் படங்களில் வரும் இத்தகைய சண்டைக்காரப் பெண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடியும். 1985இல் ஹாங்காங்கில் வந்த 'யெஸ் மேடம்' படத்தில் மிஷல் இயோவும் சிந்தியா ராத்ராக்கும் போலீஸ்காரிகளாக வந்து போட்ட சண்டை, அங்கே ஒரு படவகையையே வளர்த்தது. 1990இல் பிரெஞ்சு மொழியில் வந்த 'நிகிதா'வில், தண்டனை பெற்ற ஓர் இளம்பெண்ணை அரசாங்கமே கொலையாளியாகப் பழக்குகிறது. பழிவாங்கும் காரணம் அவளுக்கு இல்லை, ஆனால் யாரைச் சுட வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1973இல், அமெரிக்காவில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட 'காஃபி' வந்துவிட்டது. பாம் கிரியர் அதில் ஒரு செவிலிப் பெண். போதை மருந்தால் சீரழிந்த தங்கைக்காகத் துப்பாக்கி எடுக்கிறார். கடைசிச் சுருளில், தன்னை வஞ்சித்த காதலனையும் தானே சுட்டுவிட்டு, கடற்கரையோரமாகத் தனியே நடந்து போகிறார். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ள எந்தக் கதாநாயகனும் வரவில்லை.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் செவிமடுத்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.