தாடி வைத்த ஸ்போக்கின் கட்சி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கும் அறிவியல் புனைவு வாசகர்களே, வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களையும் திரைப்படங்களையும் ஒட்டி, உரிமம் பெற்று எழுதப்படுபவை டை-இன் நாவல்கள். அவற்றில் நமக்குப் பழகிய பாத்திரங்களை இணைப் பிரபஞ்சத்தில் வேறு மனிதர்களாக உலவவிடுவது அந்தப் பாத்திரங்களை வளர்க்கிறதா, வீணடிக்கிறதா? இதுதான் தலைப்பு. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன்பு மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். இது வெறும் ஒப்பனை வேலை, நல்லவனுக்குத் தாடி ஒட்டினால் கெட்டவன், இவர்களெல்லாம் வெறும் நகல்கள் என்றார். இங்கே செத்தவர் அங்கே உயிரோடு நடமாடினால் சாவுக்கு என்ன மதிப்பு என்றார். எல்லாம் புத்தக வியாபாரம் என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். நன்றாகப் பேசுகிறவர் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்ற வருத்தத்தோடுதான் தட்டினேன்.

தாடியிலிருந்தே தொடங்கலாம். 1967 அக்டோபரில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் ‘மிரர், மிரர்’ என்ற அத்தியாயம் ஒளிபரப்பானது. கேப்டன் கர்க்கும் மூன்று தோழர்களும் ஒரு கோளாறினால் வேறொரு பிரபஞ்சத்து எண்டர்பிரைஸ் கப்பலில் போய் இறங்குகிறார்கள். அங்கே கோள்கள் சமமாகச் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு இல்லை, பேரரசு இருக்கிறது. மேலதிகாரியைக் கொன்றால் பதவி உயர்வு. கர்க்கின் துணைத் தலைவர் ஸ்போக், தருக்கத்தையே நம்பும் வேற்றுக்கிரக வம்சத்தவர். அந்தக் கப்பலின் ஸ்போக்குக்குத்தான் எதிரணித் தலைவர் கேலி செய்த தாடி. புறப்படும் நேரத்தில் கர்க் அவரிடம் கேட்கிறார்: இந்தப் பேரரசு எத்தனை நாள் தாங்கும்? ஏறத்தாழ 240 ஆண்டுகள் என்று ஸ்போக்கே கணக்குச் சொல்கிறார். விழப்போகிறது என்று தெரிந்த ஒன்றை ஏன் கட்டிக் காக்கிறாய், மாற்று என்கிறார் கர்க். யோசிக்கிறேன் என்கிறார் ஸ்போக். கதை முடிந்தது.

யோசித்தாரா? தொலைக்காட்சி பதில் சொல்ல 1994 வரை ஆனது. ஸ்டார் ட்ரெக்கின் பிற்காலக் கிளைத்தொடரான டீப் ஸ்பேஸ் நைனில் சில வாக்கியங்களில் சொல்லி முடித்தார்கள். ஸ்போக் பேரரசின் தலைமைக்கு வந்தார், சீர்திருத்தம் செய்தார், படைபலத்தைக் குறைத்தார். கிளிங்கான்கள், கார்டேசியர்கள் என்ற இரண்டு வேற்றுக்கிரக இனத்தாரும் கூட்டுச் சேர்ந்து வந்து விழுங்கிவிட்டார்கள். பூமி மனிதர்கள் அடிமைகளானார்கள். சுருக்கமாகச் சொன்னால், கர்க்கின் அறிவுரையைக் கேட்டு ஊரைக் கெடுத்தவர் ஸ்போக். பிரபஞ்சத்திலேயே தெளிவான மூளை என்று நாம் கொண்டாடியவர் ஓர் அசட்டுச் சீர்திருத்தவாதியாகப் போய்விட்டார்.

இந்த இடத்தில் டேவிட் மாக் என்ற நாவலாசிரியர் வருகிறார். ‘தி சாரோஸ் ஆஃப் எம்பயர்’ 2007இல் ஒரு தொகுப்பில் குறுநாவலாக வந்தது, 2010இல் விரிவாக்கப்பட்டு முழு நாவலானது. அதில் ஸ்போக் கர்க்கைக் கொல்கிறார். நம்முடைய கர்க்கை அல்ல, அந்த உலகத்துக் கொடுங்கோல் கர்க்கை. கப்பலைப் பிடிக்கிறார், படிப்படியாக ஏறி அரியணையையே பிடிக்கிறார். பிடித்ததும் பேரரசைக் கலைத்துக் குடியரசாக்கி, ஆயுதங்களைக் கீழே போடச் சொல்கிறார். எதிரிகள் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தன் மக்கள் தலைமுறைக் கணக்கில் அடிமைப்படுவார்கள் என்பதும் தெரியும். கொடுங்கோன்மையின் வேரை அறுக்க வேறு வழியில்லை என்று கணக்குப் போட்டு, வென்றவர்களின் பேரரசும் ஒருநாள் உள்ளிருந்தே சரிவதற்கான விதைகளை இரகசியமாகப் புதைத்துவைத்துவிட்டு, தோல்வியைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்.

நடுவர் அவர்களே, நம்முடைய ஸ்போக் 1982ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றக் கதிரியக்க அறைக்குள் போய் உயிரைவிட்டார். பலருடைய தேவை ஒருவருடைய தேவையைவிடப் பெரிது என்பது அவருடைய கணக்கு. நாம் கண்ணீர்விட்டோம். தாடிக்கார ஸ்போக்கும் அதே கணக்கைத்தான் போடுகிறார். ஆனால் அவர் பலிகொடுப்பது தன்னை மட்டுமல்ல, இன்னும் பிறக்காத குழந்தைகளையும் சேர்த்து. கையில் கொலைக் கறை வேறு. இவர் நல்லவரா, கெட்டவரா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு அந்த 1982ஆம் ஆண்டுக் காட்சியைப் பார்த்தால் பழைய நிம்மதியோடு அழ முடியவில்லை. அந்தத் தருக்கத்துக்குள் இருக்கும் பயங்கரம் கண்ணில் படுகிறது. நாற்பது ஆண்டாக அங்கேயே இருந்ததுதான், நாம் பார்க்கவில்லை. தாடியால் முடிகிற வேலையா இது?

சாவுக்கு மதிப்பில்லை என்றார்கள். நான் நேர் எதிராகச் சொல்கிறேன். டை-இன் நாவல் எழுதுகிறவர் கைகள் கட்டப்பட்டவர். பாத்திரங்கள் அவருடைய சொத்து அல்ல, நிறுவனத்தின் சொத்து. கதையில் எத்தனை புயல் அடித்தாலும், கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்க முடியாததுபோல. அதனால் கர்க் ஒரு மலைமுனையில் தொங்கினால் நமக்குப் பதற்றமே வருவதில்லை. அடுத்த வாரம் அவர் திரையில் வந்தாக வேண்டுமே! இணைப் பிரபஞ்சத்தில்தான் அந்த உத்தரவாதம் இல்லை. அங்கே தொங்குகிறவர் விழலாம். டை-இன் நாவலில் சாவுக்கு மதிப்புள்ள இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் டாக்டர் ஹூ. அந்த வரிசையில் ஜிம் மார்ட்டிமோர் 1993இல் எழுதிய ‘பிளட் ஹீட்’ நாவலைப் பாருங்கள். 1970இல் தொலைக்காட்சியில் சைலூரியன் என்ற பழம்பெரும் ஊர்வன இனத்தோடு டாக்டர் மோதி உயிர் தப்பினார் அல்லவா, அந்த மோதலில் அவர் செத்துப்போயிருந்தால் என்பதுதான் கதை. பூமி சைலூரியன்கள் வசம் போய்விடுகிறது. டாக்டரின் இராணுவ நண்பர், நமக்கெல்லாம் பிடித்த பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து போராடிக் கசந்துபோன மனிதராக நிற்கிறார். பிரிகேடியரை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று எதிரணி சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள். 1970ஆம் ஆண்டுத் தொடரிலேயே டாக்டர் சமாதானத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கும்போது சைலூரியன்களின் குகையை வெடிவைத்துத் தகர்த்தவர் யார்? இதே பிரிகேடியர். தேநீர் குடித்துக்கொண்டு மீசையைத் தடவும் அந்த இனிய மனிதருக்குள் இருந்தவரைத்தான் நாவல் வெளியே நிறுத்தியது. வெளியிலிருந்து யாரையும் கூட்டிவரவில்லை.

ஜேம்ஸ் ஸ்வாலோ 2008இல் எழுதிய ‘சீட்ஸ் ஆஃப் டிசென்ட்’ இன்னும் நுட்பமானது. டீப் ஸ்பேஸ் நைனின் மருத்துவர் ஜூலியன் பாஷிர் சிறுவயதில் மரபணு மாற்றம் செய்யப்பட்டவர். அவர் உலகில் அது சட்டவிரோதம், அதனால் குற்றவாளிபோல அதை ஒளித்து வாழ்கிறார். ஸ்டார் ட்ரெக் வரலாற்றில் கான் என்பவர் மரபணு மாற்றத்தால் உருவாகி, போரில் தோற்ற கொடுங்கோலர். இந்தக் கதையில் அவர் தோற்கவில்லை. மரபணுப் போர்களில் வென்று அவர் வழிவந்தவர்கள் ஆள்கிறார்கள். அங்கே பாஷிர் போர்க்கப்பல் தலைவர். ஒளித்த அதே மரபணு அங்கே தலையில் வைத்த கிரீடம். அவர் முன்னால் பழங்காலக் கப்பல் ஒன்று மிதந்து வருகிறது. 1967இல் கர்க் கண்டெடுத்த கப்பலில் கான் உறங்கிக்கொண்டிருந்தார். இதில் உறங்குகிறவர்களோ கானிடமிருந்து தப்பி ஓடிய சாதாரண மனிதர்கள். ஆளும் சாதியில் பிறந்தவனுக்குத் தன் வரலாறு பொய் என்று தெரியவரும்போது அவன் என்ன செய்வான்? பாஷிரைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியைத் தொடர் ஏழு ஆண்டு ஓடியும் கேட்கவில்லை என்பது என் கட்சி.

எல்லாம் இப்படி இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரே இணை ஆசிரியர்களோடு சேர்ந்து 1998 முதல் 2000 வரை மூன்று நாவல்களை வெளியிட்டார். அவற்றில் கர்க்குக்கு எதிரி டைபீரியஸ், அதாவது இன்னொரு கர்க். தனக்கு நிகரான எதிரி தானேதான் என்று எழுத ஒரு நடிகருக்குக் கசக்குமா? அந்த மூன்றையும் எதிரணிக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுகிறேன்.

வியாபாரம் என்றார்கள். வியாபாரம்தான். ஆனால் ஒரே பாத்திரத்தைப் பல உலகங்களில் வைத்துப் பார்க்கும் ஆசை நியூயார்க் பதிப்பகங்களில் பிறந்ததா? அத்யாத்ம ராமாயணத்தில் சீதையைக் காட்டுக்கு வர வேண்டாம் என்று ராமன் தடுக்கிறான். இதற்கு முன் எத்தனையோ ராமாயணம் கேட்டாகிவிட்டது, சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போன ராமாயணம் எதையாவது கேட்டதுண்டா என்று மடக்குகிறாள் அவள். எதிரணித் தலைவர் அவளிடமும் உரிமத் தொகை கேட்பாரோ?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு செய்தி. 2001 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்டார் ட்ரெக் நாவல்கள் தமக்குள் ஒரு தொடர்ச்சியோடு வளர்ந்தன. அதில் பிற்கால எண்டர்பிரைஸின் கேப்டன் பிக்கார்டு, கப்பல் மருத்துவர் பெவர்லி கிரஷரை மணக்கிறார், ரெனே என்ற மகன் பிறக்கிறான். 2020இல் புதிய தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் பிக்கார்டு திராட்சைத் தோட்டத்தில் தனிமையில் இருக்கிறார். மனைவியும் இல்லை, ரெனேயும் இல்லை. பதிப்பகம் சத்தமில்லாமல் கடையை மூடியிருக்கலாம். மாறாக, 2021இல் மூன்று நாவலாசிரியர்கள் சேர்ந்து ‘கோடா’ என்று மூன்று நாவல்கள் எழுதினார்கள். அதில் நாவல்களின் பாத்திரங்களுக்கே தெரியவருகிறது: தங்கள் உலகம்தான் கிளைப் பிரபஞ்சம், கிளைத்தவர்கள் தாங்கள்தான். மற்றப் பிரபஞ்சங்கள் பிழைக்க வேண்டுமானால் தங்களுடைய காலம் முழுவதும், நடந்தது பிறந்தது எல்லாம் சேர்ந்து, இல்லாமல் போக வேண்டும். தெரிந்தே அதைச் செய்கிறார்கள்.

எதிரணித் தலைவர் இவர்களை நகல்கள் என்றார். அடுத்து பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிக்கார்டு அசல், மகனோடு சேர்த்துத் தன் பிரபஞ்சத்தையே விட்டுக்கொடுத்த பிக்கார்டு நகல் என்றால், எந்த அளவுகோலை வைத்து? திரையில் வந்தவர் என்பதைத் தவிர வேறு ஒரு காரணம் சொல்லட்டும். சொல்லிவிட்டால் நடுவர் அவர்கள் தீர்ப்பை அவர் பக்கமே எழுதிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.