ஏழு பேர் போதும், திடலைத் திறந்து விடுங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, கூடாரமும் நாற்காலியும் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த ஐயா அவர்களே, செம்பனை வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் பின்வரிசையில் நிற்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, சுங்கை சிப்புட் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேசச் சொன்னார்கள். நமக்குப் பழக்கமானது ரவுண்டர்ஸும் சாஃப்ட்பாலும்தான், ஆனால் வீசு, அடி, ஓடு என்பது அங்கேயும் அதேதான். மூன்று விஷயம் சொல்கிறேன்: உழைப்பு, எந்த இடத்திலும் ஆடும் திறமை, அப்புறம் பொறுமை.

என் அம்மா ஓயாமல் சொல்வார், அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் ஆடும் ஜப்பான்காரர் ஷோஹெய் ஓதானிக்கு 2023இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை, மறு வருடம் முழுக்கப் பந்து வீச முடியாது. சரி, மட்டை இருக்கிறது, கால் இருக்கிறது என்று இறங்கினார். 2024இல் 54 ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி வரும் அடி, அடித்து, 59 முறை பந்து வீசுபவர் அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸை, அதாவது அடுத்த நிலையை, திருடி ஓடினார். அந்த லீக்கில் ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அவருக்கு முன் யாருமில்லை. 2025இல் திரும்பப் பந்தும் வீசினார்.

இப்போது எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக் கதை. மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், உறைந்த ஒட்டுப்பாலையும் பட்டையில் காய்ந்த பால் இழையையும் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம், தென்னை மட்டைதான் மட்டை. மொத்தமே ஏழு பேர். அதனால் பந்து வீசியவனே ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும், கீப்பருக்குக் காய்ச்சல் என்றால் அடிக்கிறவன் கீப்பர். அந்தப் பந்து எகிறினால் எங்கே போகும் என்று அந்த முனீஸ்வரனுக்குத்தான் தெரியும்! ஒருநாள் நேராகத் தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டு அடுப்பில் கொதித்த மீன் குழம்புக்குள் விழுந்தது. கிராணி அம்மா அகப்பையோடு வெளியே வந்தார், ஆறு பேர் பால் மரத்துக்குப் பின்னால். எங்களில் மூத்த அண்ணன் மட்டும் நின்று, சட்டியைக் கழுவி, மீன் வாங்கி வந்து, அவரே குழம்பும் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கிராணி அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். அந்த அண்ணனை எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்பார். ஆள் குறைவாக இருந்ததால் வந்த பயிற்சி அது.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நம் பிள்ளைகள் விளையாடிய திடலுக்கு இப்போது பூட்டு. கேட்டால், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஒரு குழுவுக்கே ஆள் தேறாது என்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1965 செப்டம்பர் 8ஆம் தேதி பெர்ட் கம்பனெரிஸ் என்ற கியூபாக்காரர், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பேஸ்பால் அணிக்காக, ஒரே ஆட்டத்தில் களத்தின் ஒன்பது இடத்திலும் மாறி மாறி நின்றார். 2008இல் உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்கள், அந்த வருடமே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் ஒப்பந்தம் போட்டார்கள். எறிந்து பழக அவர்களுக்கு ஒரு திடல் இருந்தது.

அடி மேல் அடி அடித்தால்தானே அம்மி நகரும், அடிக்கவே இடமில்லை என்றால்? தினமும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை அந்தப் பூட்டைத் திறந்து விடுங்கள், டியூஷனை ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாம். மேடையில் இருக்கும் பெரியவர்கள் இன்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புல் வெட்டப் போகிறோம், வருகிறவர்கள் அரிவாளும் குடிதண்ணீரும் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.