ஐடா பி. வெல்ஸ் காசு வந்துவிட்டது!

வணக்கம் மக்களே! கொஞ்சம் பொறுங்கள், ஃபோகஸ் ஆகட்டும். ம்... இப்போது தெரிகிறதா? அமெரிக்காவின் கால் டாலர், 2025. இதில் இருக்கும் அம்மையார்தான் ஐடா பி. வெல்ஸ். பெயரோடு 'பத்திரிகையாளர்' என்றும் பொறித்திருக்கிறார்கள். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ காசைக் காட்டிய வீடியோவிலிருந்தே இந்த வரிசையை நான் துரத்துவது உங்களுக்குத் தெரியும். 2022 முதல் 2025 வரை, ஆண்டுக்கு ஐந்து என்று மொத்தம் இருபது பெண்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

முதலில் விலையைப் பேசியே ஆக வேண்டும், அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. முகமதிப்பு 25 சென்ட், நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு வியாபாரி 400 ரூபாய் கேட்டார். கேட்டால் 'ரேர் பீஸ் சார், யுஎன்சி சார்' என்கிறார், அதாவது புழக்கத்துக்கே வராத காசாம். கோடிக்கணக்கில் அச்சடித்த காசு எப்படி ரேர் ஆகும்? போன மாதம் இதே ஆள் இந்த வரிசையின் பெஸ்ஸி கோல்மன் காசுக்கும் இதே பல்லவியைத்தான் பாடினார். நான் அசையவில்லை. கடைசியில் வேறொருவரிடம் 120 ரூபாய்க்கு வாங்கினேன், தபால் செலவு 50 தனி. கீறல் ஒன்றுகூட இல்லை! ஹோல்டரில் போடும்போது மனசு நிறைந்துவிட்டது. இது டென்வர் நாணயச்சாலையில் அடித்த காசு, 'டி' எழுத்து பாருங்கள், வாஷிங்டன் இருக்கும் பக்கத்தில்.

அந்தப் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன், அடிமைகளை வைத்திருந்தவர். பின்பக்கம் 1862இல் மிசிசிப்பியின் ஹோலி ஸ்பிரிங்ஸில் அடிமையாகவே பிறந்த கறுப்பினப் பெண். ஒரே உலோகத்தில் இருவரும். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, இவர் என்ன செய்தார்? ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட்டோடு பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தவரை எழுந்து போகச் சொன்னார்கள். மறுத்தார். இழுத்த கண்டக்டரின் கையைக் கடித்தே விட்டார்! அப்புறம் வழக்குப் போட்டு, 1884இல் 500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பும் வாங்கினார். 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பிறகு மெம்பிஸில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையில் பங்குதாரர், ஆசிரியர். 1892இல் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக் கடை அதே பகுதியில் இருந்த வெள்ளைக்காரரின் கடைக்குப் போட்டியாக இருந்தது. பகையின் தொடக்கம் அதுதான். ஐடா சும்மா இருக்கவில்லை. இந்த ஊர் நமக்குப் பாதுகாப்பில்லை, கிளம்புங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணமே பொய் என்றும் எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் போகும் என்ற நிலை. நியூயார்க்கில் இருந்துகொண்டே எழுத்தைத் தொடர்ந்தார்.

ஐயோ, இளஞ்சிவப்புத் தாளைச் சொல்லாமல் தாண்டிவிட்டேனே, அதுதான் எனக்கு உயிர்! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட 'ஃப்ரீ ஸ்பீச்' கேட்டு வாங்குவார்களாம், வீட்டில் யாராவது படித்துக் காட்டுவார்கள். விற்பவர்கள் வேறு பத்திரிகையைக் கொடுத்து ஏமாற்றினார்கள். அதனால் ஐடா இளஞ்சிவப்புத் தாளில் அச்சடிக்க ஆரம்பித்தார். நிறத்தைப் பார்த்தே வாங்கலாம், யாரும் ஏமாற்ற முடியாது. வாசகரை இவ்வளவு மதித்த ஆசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1895இல் வந்த 'தி ரெட் ரெக்கார்ட்' இன்னொரு வகை. கும்பல் கொலைகளின் கணக்கை அவர் தன் பக்கத்திலிருந்து எடுக்கவே இல்லை. வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' வெளியிட்ட பட்டியலையே எடுத்துக்கொண்டார், மிகைப்படுத்துகிறாள் என்று எவரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. வெள்ளைக்காரப் பெண்களைக் காக்கத்தான் கறுப்பின ஆண்களைக் கொல்கிறோம் என்பதுதானே அவர்கள் சொன்ன சாக்கு? கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மேல்தான் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டே இருந்தது. நிரூபணம் அல்ல, வெறும் குற்றச்சாட்டு. இது பத்திரிகை வேலை! இப்போது டேட்டா ஜர்னலிசம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதை இந்த அம்மா அப்போதே செய்து முடித்துவிட்டார்.

1931இல் அவர் இறந்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு இரங்கல் குறிப்புகூடப் போடவில்லை. 2018இல்தான் போட்டது, விட்டுப்போனவர்களுக்கான தனித் தொடரில். பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சரின் சிறப்பு விருது 2020இல். இறந்து 89 ஆண்டுகள் கழித்து! இந்தத் தாமதத்தை என்னால் சகிக்க முடியவில்லை, மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது.

ஆனால் அதே 2020 புலிட்சர் பட்டியலில் பத்திரிகையாளர் நிக்கோல் ஹன்னா ஜோன்ஸும் இருந்தார், அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றைப் பேசும் '1619 திட்டம்' கட்டுரைக்காக. ஐடாவின் பெயரில் புலனாய்வுப் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். செய்தி அறைகளில் குறைவாகவே இடம் கிடைக்கும் கறுப்பின, பிற சிறுபான்மைப் பத்திரிகையாளர்களுக்குப் புலனாய்வு வேலையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். காசில் முகத்தைப் போடுவது எனக்குச் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிட இந்தப் பயிற்சிதான் பெரிய மரியாதை. அங்கே அவருடைய வேலையே தொடர்கிறது.

ஆங்கிலம் படிப்பவர்கள் 'சதர்ன் ஹாரர்ஸ்' என்ற அவருடைய சிறு பிரசுரத்தில் தொடங்குங்கள். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். 'ரெட் ரெக்கார்ட்' படித்தால் பட்டியல் வரும் அத்தியாயத்தைத் தள்ளிவிடாதீர்கள். தேதி, பெயர், ஊர் என்று ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். படித்ததும் கமெண்டில் எழுதுங்கள், அடுத்த லைவில் அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் பேசுவோம்.