கல்லா வேறு, வீடு வேறு

சங்கத் தலைவர் அவர்களே, வேலைநாளில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வங்கி மேலாளர் அம்மா அவர்களே, மேடைக்கு எவ்வளவு அழைத்தும் வராமல் முன்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்ட மூத்த தணிக்கையாளர் ஐயா அவர்களே, அரை நாள் தொழிலைச் சாத்திவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கு, கடன், வரி மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி, முதலில் கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளக்காமல் போடுகிற இடம் சொந்த வீடு.

எனக்குத் தெரிந்த ஒருவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். ஒரு பெரிய ஆர்டர் வந்தது, நல்ல லாபம் நிற்கும். மரத்துக்கு ரொக்கம், ஆட்களுக்கு வாரக்கூலி, எல்லாம் கொடுத்துச் சரக்கையும் அனுப்பிவிட்டார். பாக்கிப் பணம் வர 90 நாள். இதற்கிடையில் வந்திருந்த முன்பணத்தில் வீட்டு மாடிக்கு ஓடு பதித்தார், மைத்துனருக்குக் கைமாற்று கொடுத்தார், புது வண்டிக்கு முதல் தவணை கட்டினார், எல்லாம் அதே கல்லாவிலிருந்து. கேட்டால், "லாபம்தான் வரப்போகுதே" என்றார். இரண்டாம் மாதம் மரம் வாங்கக் கையில் காசில்லை. மாதம் 5 சதவீத வட்டிக்கு வாங்கினார், அதாவது ஆண்டுக்கு 60 சதவீதம்! நோட்டில் லாபம் நிற்கிறது, மனிதர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கணக்கு வராது என்று நினைக்காதீர்கள், ஒரு கட்டிலுக்கு எவ்வளவு மரம் போகும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். தனக்கு மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் அளந்ததில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு! ஒவ்வொரு வரவுசெலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவு முறையை, இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494-இல் வெனிசில் அச்சில் விளக்கினார், வணிகர்கள் அதற்கு முன்பே அப்படி எழுதிவந்தார்கள். இன்றைய கணக்கியலில் தொழில் ஓர் ஆள், முதலாளி இன்னோர் ஆள். முதலாளி சொந்தச் செலவுக்கு எடுப்பதற்கு 'எடுப்புகள்' என்று தனித் தலைப்பே உண்டு. நம் நோட்டில் அந்தத் தலைப்பு இருக்கிறதா?

கடனையும் வரியையும் மேலாளர் அம்மாவும் தணிக்கையாளர் ஐயாவும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் போகிற மேடையெல்லாம் கேட்பது ஒன்றுதான். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, முதலாளிக்கு மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே சம்பளம், அப்புறம் கல்லாவில் கை வைக்கக்கூடாது. இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும், தலைவர் அவர்களே. அடுத்த பயிற்சிக்கு ஒவ்வொருவரும் கணவரையோ மனைவியையோ கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.