காந்தம் விழுந்த இடம்

(காட்சி: பழைய பிக்கப் வண்டியின் கதவு, மிக அருகில். ஒரு கை சிறு காந்தத்தை வைக்கிறது. ஒட்டுகிறது. ஒரு சாண் கீழே வைக்கிறது. காந்தம் நழுவிச் சிமெண்ட் தரையில் விழுகிறது.)

மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டேன். மேலே ஒட்டுகிறது, கீழே விழுகிறது. கீழே இரும்பு கிடையாது. இருப்பது பட்டி, அதாவது ஓட்டையை நிரப்பிப் பூசும் பசை, அதற்கு மேல் நீல வண்ணம். யாரோ ஒருவர் துருப்பிடித்த ஓட்டைக்குக் கம்பி வலை வைத்து, விரல் பருமனுக்குப் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்து விற்றிருக்கிறார். தேய்த்த விதத்தைப் பார்த்தால் கை நல்ல கைதான். அதை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

இது சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நாங்கள் வேலை செய்யும் பட்டறை. இந்தக் கதவையும், அதற்கு நேர் கீழே உள்ள ராக்கர் பேனல் என்ற பகுதியையும் தகட்டில் புதிதாகச் செய்யப்போகிறோம். வண்டி டட்சன் 620 பிக்கப், 1972 முதல் 1979 வரை தயாரான வகை. பக்கவாட்டில் நீளமாக ஓடும் இந்தப் புடைப்புக் கோட்டைப் பாருங்கள். இதை வைத்துத்தான் ரசிகர்கள் இதற்கு ‘புல்லட்சைடு’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இந்தக் கோடு பின்னால் நம்மைப் படுத்தப்போகிறது.

வண்டிக்காரர் உணவகம் நடத்துகிறவர். அவருடைய அப்பா இதே போன்ற வண்டியில் வாழையிலைக் கட்டுகளைத் தேக்காவின் பழைய சந்தைக்குக் கொண்டுபோனவராம். 1982இல் அந்தச் சந்தை சாலைக்கு எதிர்ப்புறம், இன்றைய தேக்கா நிலையத்துக்கு மாறியது. சிங்கப்பூரில் சரக்கு வாகனங்களுக்கு 20 ஆண்டு வயது வரம்பு இருப்பதால் இந்த வண்டி ஓடப்போவதில்லை. உணவகத்தின் முன்வெளியில் நிற்கப்போகிறது. உங்களுடையது ஓடுகிற வண்டி என்றால், தகட்டில் கை வைப்பதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

நிற்கும் வண்டிக்கு எதற்கு இவ்வளவு வேலை என்று கேட்கலாம். நிற்பதுதான் அதிக வேலை. ஓடும் வண்டி காற்றில் காயும். நிற்கும் வண்டி நனைந்துகொண்டே இருக்கும். இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. போதாக்குறைக்குச் சாப்பிட வருகிற ஒவ்வொரு குழந்தையும் கதவைத் திறந்து, ராக்கர் பேனலில் காலை வைத்து ஏறி, படம் எடுத்துக்கொள்ளும்.

(காட்சி: கதவுக்குக் கீழே உள்ள பகுதி. திருப்புளியின் முனை தகட்டுக்குள் இறங்குகிறது.)

ராக்கர் பேனல் என்பது கதவுக்கு நேர் கீழே முன்தூணிலிருந்து பின்தூண் வரை ஓடும் பெட்டி. பிரிட்டிஷ் வண்டிகளில் பழகியவர்கள் இதைச் ‘சில்’ என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பட்டைத் தகடு போலத் தெரியும். உண்மையில் வெளித்தகடு, உட்தகடு இரண்டும் மேலும் கீழும் விளிம்பில் சேர்ந்து உள்ளே வெற்றிடமாக அமைந்த மூடிய பெட்டி.

அந்த ‘மூடிய’ என்ற சொல்லின் கனத்தை அறிய, சமையலறையில் அலுமினியத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழலை எடுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதில் முறுகாது. இப்போது அதே குழலை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகக் கத்தரித்துவிட்டு முறுக்குங்கள். துணி போலத் துவளும். அட்டை குறையவில்லை, ஒரு தையல்தான் பிரிந்தது. ராக்கர் பேனலின் கீழ் விளிம்பு துருவில் போனால் நடப்பதும் அதுவே. இந்த வண்டிக்கு அடியில் தனிச் சட்டகம் இருப்பதால் வண்டி இரண்டாக மடியாது. ஆனால் தூண்களுக்கு நடுவே உள்ள கதவின் வாசல் கோணிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு அழகான கதவு செய்தாலும் பூட்டு பொருந்தாது.

துரு இங்கே எப்படி வந்தது? கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். எல்லா வண்டிகளிலும் போகும். கதவின் அடியில் வடிகால் துளைகள் இருப்பது அதற்காகத்தான். இலைச்சருகும் தூசியும் துளையை அடைத்தால் கதவு ஒரு தொட்டி. துளையைப் பட்டியால் அடைத்தால், அது மூடி போட்ட தொட்டி.

(காட்சி: கதவின் பின் முனையை ஒருவர் இரு கைகளாலும் தூக்கி ஆட்டுகிறார். கீல் அருகே சிறு இடைவெளி திறந்து மூடுகிறது.)

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் பல ஆண்டுகளாகத் தகட்டு வேலை செய்யும் அண்ணன் எந்த வண்டி வந்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

“ஆடுகிறதா?”

“கொஞ்சம் ஆடுகிறது, அண்ணே.”

“அப்படியென்றால் இன்றைக்கு வெல்டிங் கிடையாது, தம்பி. கீல் வேலைதான்.”

தேய்ந்த கீலில் தொங்கும் கதவைப் பார்த்து ராக்கர் பேனலுக்கு அளவு எடுத்தால், தொய்வுக்குத்தான் அளவு எடுத்தவர்களாவோம். பிறகு கீலை மாற்றும்போது கதவு மேலே ஏறும், கீழே பல்லிளிக்கும். ஆகவே கீல் ஊசியும், அது சுழலும் வளையமான புஷ்ஷும் முதலில் மாற வேண்டும்.

அடுத்து, வெட்டுவதற்கு முன் கட்டு. சதுரக் குழாயை வாசலுக்குக் குறுக்கே முன்தூணிலிருந்து பின்தூணுக்குப் பற்றவைக்கிறோம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கூரையிலேயே எழுதிவைக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய காரில் “இரண்டு மணி நேர வேலைதானே” என்று இந்தக் குழாயை விட்டுவிட்டு நான் வெட்டினேன். வாசல் ஏழு மில்லிமீட்டர் சுருங்கியது. அதை விரித்துச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது தகடு. ராக்கருக்கு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். கதவின் வெளிப்புறத்துக்கு 20 கேஜ், ஏறக்குறைய 0.9. இரண்டும் குளிர்முறையில் உருட்டிய மென் எஃகு. துத்தநாகம் பூசிய தகடு துருவைத் தாங்கும் என்பது சரி. ஆனால் அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பயன்படுத்துவதாக இருந்தால் பற்றவைக்கும் இடத்தில் பூச்சை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, முகக்கவசத்தோடு, காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

(காட்சி: தகட்டின் மேல் கோடுகள். பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்கள்.)

ராக்கர் பேனலை மடிக்கும்போது புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. நம்முடைய வெளித்தகட்டின் அளவுகள்: மேல் விளிம்பு 15, கால் வைக்கும் படி 60, முகப்பு 90, அடிப்பகுதி 40, கீழ் விளிம்பு 15. கூட்டினால் 220 மில்லிமீட்டர். 220 அகலத்துக்குத் தகடு வெட்டி மடித்தால், செய்து முடித்த பேனல் பெரிதாக வரும். மடிப்பில் தகடு கூர்மூலையாகத் திரும்புவதில்லை, சிறு வளைவாகச் சுற்றித் திரும்புகிறது. நாம் மூலை வரை கணக்கிட்டோம். தகடோ குறுக்குவழியில் போய்விட்டது. மிச்சமானது வெளி அளவில் கூடுகிறது.

எவ்வளவு கழிக்க வேண்டும்? புத்தகத்தில் சூத்திரம் இருக்கிறது. அதைவிட எளிய வழி: அதே தகட்டில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத் துண்டை வெட்டி, அதே மடிப்பு இயந்திரத்தில் நடுவில் செங்கோணமாக மடியுங்கள். இரண்டு கால்களின் வெளி அளவையும் கூட்டுங்கள். எங்கள் இயந்திரத்தில் 102 வந்தது. ஆக ஒரு மடிப்புக்கு 2 மில்லிமீட்டர் கழிவு. நான்கு மடிப்புக்கு 8. தகட்டை 212க்கு வெட்டினோம். உங்கள் இயந்திரத்தில் இந்த எண் மாறலாம், அந்தத் துண்டைத்தான் கேட்க வேண்டும்.

முகப்பின் மெல்லிய வளைவை இயந்திரத்தில் மடிக்க முடியாது. தடித்த குழாய் ஒன்றை மேசையில் இறுக்கி, அதன் மேல் தகட்டைப் போட்டு உள்ளங்கையால் சிறிது சிறிதாக அழுத்தி எடுத்தோம். வயிற்றுவலிக்காரனைத் தடவுவது போல மெதுவாக.

பேனல் தயார். இங்கே கை அரிக்கும். பற்றவைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். கிளாம்ப் போட்டு, நாலைந்து திருகாணியால் தற்காலிகமாகப் பிடித்துவைத்துவிட்டுப் பழைய கதவின் சட்டத்தை அதன் மேல் மாட்டுங்கள். கதவுக்கும் ராக்கருக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி, முன்னிருந்து பின் வரை ஒரே சீராக. அளக்கத் தனிக்கருவி எதற்கு? 5 மில்லிமீட்டர் துளைக்கம்பியின் (டிரில் பிட்) வழவழப்பான அடிப்பகுதியை இடைவெளியில் ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் ஓரிடம் இறுக்கம், கழன்று விழுந்தால் தளர்வு. வண்ணமும் இடத்தைத் தின்னும், கதவு ஓர ரப்பரும் கதவை வெளியே தள்ளும் என்பதால் ரப்பரை மாட்டித்தான் இந்தச் சோதனை.

சரியான பிறகே வெல்டிங். தொழிற்சாலையில் புள்ளி வெல்டிங் போட்ட இடங்களில், நாம் வெளி விளிம்பில் 8 மில்லிமீட்டர் துளையிட்டு, துளை வழியாகப் பற்றவைத்து நிரப்புகிறோம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வரிசையாகப் போகாதீர்கள். இங்கே ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று. வரிசையாகப் போனால் சூடு சேர்ந்து பேனல் வாழைப்பழம் போல வளையும்.

(காட்சி: இங்கிலீஷ் வீல் என்ற இயந்திரம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தகடு முன்னும் பின்னும் போய்வருகிறது.)

இனிக் கதவு. உட்சட்டத்தின் மேற்பகுதி நன்றாக இருக்கிறது, வைத்துக்கொண்டோம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் புதிய சட்டம் செய்து இணைத்தாயிற்று. வெளித்தகடு முழுக்கப் புதிது. வண்டிக்காரர் கைப்பிடி இல்லாத, வழவழப்பான கதவு கேட்டார். அது முடியும். கூடவே கீலைப் பின்தூணில் வைத்துக் கதவைப் பின்பக்கமாகத் திறக்கும்படி செய்ய முடியுமா என்றும் கேட்டார். பின்தூண் கதவின் எடையைச் சுமக்கச் செய்ததில்லை, அதைப் பிளந்து பலப்படுத்த வேண்டும் என்று அண்ணன் விளக்கினார். செலவைச் சொன்னதும் ஆசை தானாகவே அடங்கியது.

பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் கதவு தட்டையாக இருக்காது. நேர்கோல் ஒன்றை வைத்தால் நடுவில் தொட்டு இரு முனையிலும் தூக்கி நிற்கும். முழுக்கத் தட்டையான தகட்டை மாட்டினால் வெயில் பட்டதும் தகர டப்பா போல ‘டப்’பென்று உள்வாங்கும். ஆகவே நடுப்பகுதியைச் சக்கரங்களுக்கிடையே நசுக்கி நீட்டுகிறோம். சப்பாத்தி மாவை நடுவில் தேய்த்தால் ஓரம் நகர்ந்து வழிவிடும். எஃகின் ஓரம் வழிவிடாது. நீண்ட பகுதி போக்கிடமின்றி மேலே எழும்பும். அந்த எழுச்சிதான் கதவின் வளைவு. அட்டையில் வெட்டிய வார்ப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அதிகமாக எழும்பிவிட்டால் இறக்குவது நரகம்.

அந்தப் புடைப்புக் கோடு இதற்குப் பிறகுதான். கோட்டை முதலில் போட்டுவிட்டால் தகடு விறைத்துக்கொள்ளும், பிறகு வளைவு வராது. உருளைக்கட்டைகளுக்கு நடுவே விட்டுக் கோடு போடும்போது அது இருபுறத்துத் தகட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மொத்தத்தையும் முறுக்கிவிடும். கோடு வரப்போகும் இடத்தை முன்கூட்டியே சற்று நீட்டிவைத்தால் முறுக்கு குறையும். முதல் தகட்டில் நாங்கள் நீட்டியது போதவில்லை. அது இப்போது பட்டறை வாசலில் கிரைண்டர் தீப்பொறிக்குத் தடுப்பாக நிற்கிறது.

கடைசியாக ஓர மடிப்பு. தகட்டைச் சட்டத்தைவிட 12 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, ஓரத்தைச் செங்கோணமாக நிறுத்தி, சட்டத்தின் மேல் கவிழ்த்து, ஓரத்தை உள்பக்கம் மடக்குகிறோம். வெளியே துணி சுற்றிய டாலி என்ற தாங்கு இரும்பு, உள்ளே சுத்தியல். ஒரே அடியில் கிடையாது. மூன்று சுற்று. முதல் சுற்றில் பாதி மடங்கியதும் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“மாட்டு, தம்பி.”

“இன்னும் முடியவில்லையே, அண்ணே.”

“முடியாததால்தான் மாட்டச் சொல்கிறேன்.”

மடிப்பு பாதியில் இருக்கும்வரை தகடு சட்டத்தின் மேல் நகரும், கதவை முறுக்கித் திருத்தலாம். முழுக்க மடங்கிய நொடியில் கதவின் வடிவம் பூட்டிக்கொள்ளும். மாட்டிப் பார்த்தபோது கீழ்ப் பின்மூலை மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றது. பூட்டுப் பக்கம் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, கீழ் மூலையை முழங்காலால் ஒரு தள்ளு. பார்ப்பதற்கு முரட்டு வேலை. இரண்டாம் தள்ளில் துளைக்கம்பி தடையின்றி ஓடியது. பிறகுதான் மிச்ச மடிப்பு.

(காட்சி: வண்ணம் அடித்த கதவு. அடியில் மூன்று வடிகால் துளைகள். உள்ளே மெழுகு தெளிக்கும் குழாய்.)

கதவுக்குள்ளும் ராக்கர் பெட்டிக்குள்ளும் துருத் தடுப்பு மெழுகைத் தெளித்து ஒரு நாள் விட்டோம். மறுநாள் வண்டிக்காரர் முன்னிலையில் கண்ணாடி இடுக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினோம். புது வண்ணத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து அவர் முகம் மாறியது. முன் துளையில் சொட்டியது. நடுத்துளையில் சொட்டியது. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. மெழுகு உறைந்து அடைத்திருந்தது. அண்ணன் ஒரு துண்டு வெல்டிங் கம்பியை வளைத்துக் குத்தினார். தேங்கிய தண்ணீர் அவருடைய சட்டைக் கை வழியாக இறங்கியது.

வலப்பக்கக் கதவில் இன்னும் பட்டி இருக்கிறது.